ஐம்பது மைல் கணக்கு: அமெரிக்க லாக்புக்கில் கிராஸ் கன்ட்ரி நேரத்தை எழுதும் முறை

ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச் விமான நிலையத்திலிருந்து செயின்ட் அகஸ்டீன் விமான நிலையம் நேர்கோட்டில் 49 நாட்டிக்கல் மைல். செஸ்னா 172ல் அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். கடற்கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே போனால் போதும், வழி தவற வாய்ப்பே இல்லை. அங்கே இறங்கி, திரும்பி வந்து, லாக்புக்கில் (விமானி தன் பறந்த நேரத்தை எழுதும் பதிவேட்டில்) கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறோர் இடத்துக்குப் போன பயணம், 1.3 மணி என்று எழுதினால் அது பொய்க் கணக்கல்ல. ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு) கேட்கப்படும் 50 மணி நேரத்தில் இந்த 1.3 சேராது. இப்படிப் பத்து முறை போய் வந்தவருக்கு 13 மணி நேரம் இருப்பது போலத் தெரியும். எக்ஸாமினர் முன்னால் உட்காரும்போது அது பூஜ்யம்.

அமெரிக்க விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் கிராஸ் கன்ட்ரி என்பது ஒரே அளவு அல்ல. எதற்காகக் கணக்குக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். பறந்து முடித்த பிறகு லாக்புக்கைத் திறந்து யோசிப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த ரேட்டிங்குக்கு, எந்த அளவுகோல் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒரே சொல், மூன்று அளவு

வரையறை எல்லாம் விமானிச் சான்றிதழ்களுக்கான பகுதி 61ன் முதல் விதியில், அதாவது 61.1ல் இருக்கிறது. விமானம் ஓட்டுபவருக்கு அதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது பொதுவான வரையறை. பைலட் சான்றிதழ் உள்ளவர், வரைபடம் பார்த்தோ ரேடியோ கருவியாலோ ஜி.பி.எஸ். கொண்டோ வழி கண்டுபிடித்து, புறப்பட்ட இடம் தவிர வேறோர் இடத்தில் இறங்கினால் அது கிராஸ் கன்ட்ரி. தூரம் ஒரு பொருட்டில்லை. டேட்டோனாவிலிருந்து 9 மைலில் இருக்கும் நியூ ஸ்மிர்னா பீச்சுக்குப் போனாலும் இது பொருந்தும்.

இரண்டாவது, பிரைவேட் (சம்பளமில்லாமல் பறக்க), இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்க) ஆகியவற்றுக்கானது. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிக்கல் மைலுக்கு மேல் உள்ள ஏதாவது ஓர் இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். ‘மேல்’ என்பதைக் கவனியுங்கள்: சரியாக 50 போதாது. ஹெலிகாப்டருக்கு இதே விதி 25 மைல்.

மூன்றாவது, விமான நிறுவன விமானிகளுக்கான ஏ.டி.பி. சான்றிதழுக்கானது. 50 மைலுக்கு மேல் போயிருக்க வேண்டும், ஆனால் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. போய்த் திரும்பி வந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்கினாலும் செல்லும்.

அதனால் லாக்புக்கில் கிராஸ் கன்ட்ரி என்று அச்சடித்த ஒற்றைப் பத்தி (நெடுவரிசை) போதாது. காலியாக விடப்பட்டிருக்கும் பத்திகளில் இரண்டை எடுத்து மூன்றாக்கிக்கொள்ளுங்கள்: ‘எங்கு இறங்கினாலும்’, ‘50க்கு மேல், இறங்கியது’, ‘50க்கு மேல், ஏ.டி.பி.’. நடுப் பத்தியில் ஏறும் நேரம் மற்ற இரண்டிலும் தானாக ஏறும். மற்றவை அப்படி அல்ல. முதல் பத்தியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். பகுதி 135ன் கீழ் வாடகை விமானம் ஓட்டும் வேலைக்குப் போகும்போது அது கை கொடுக்கும். வெளியே பார்த்துப் பறக்கும் பார்வை விதிகளின்படி அங்கே பி.ஐ.சி.யாக (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக) அமர 500 மணி மொத்த நேரமும், அதில் 100 மணி கிராஸ் கன்ட்ரியும், அந்த நூறில் 25 மணி இரவுப் பயணமும் வேண்டும். அந்தக் கணக்குக்கு முதல் வரையறையே போதும். 9 மைல் பயணங்களும் சேரும். முதல் நாளிலிருந்தே எழுதி வைக்காதவர் 400 மணி தாண்டிய பிறகு பழைய பக்கங்களைப் புரட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

தூரத்தை எப்படி அளப்பது

விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம்தான் கணக்கு. நீங்கள் சுற்றிப் போன தூரமோ ஜி.பி.எஸ். காட்டும் பயணத் தூரமோ அல்ல. செயின்ட் அகஸ்டீனுக்குப் போகும் வழியில் உள்நாட்டுப் பக்கம் வளைந்து 60 மைல் பறந்தாலும் கணக்கில் அது 49தான்.

அலகில் ஏமாறுவது சர்வ சாதாரணம். ஒரு நாட்டிக்கல் மைல் 1,852 மீட்டர். 50 நாட்டிக்கல் மைல் என்பது 92.6 கிலோமீட்டர், அல்லது சாலைக் கணக்கில் 57.5 மைல். இணைய வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் டேட்டோனாவுக்கும் செயின்ட் அகஸ்டீனுக்கும் இடையே 56 மைல் என்று காட்டும். அது சாலை மைல். அதைப் பார்த்து ‘தாண்டிவிட்டது’ என்று கிளம்பியவர்கள் உண்டு. ஸ்கைவெக்டர், ஃபோர்ஃபிளைட் மாதிரி விமானிகளுக்கான கருவிகளில் இரண்டு நிலையங்களையும் நேரடியாக இணைத்துப் பாருங்கள். 50, 51 என்று விளிம்பில் நின்றால் அந்த இடத்தையே விட்டுவிடுவது நல்லது. 55க்கு மேல் இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. டேட்டோனாக்காரர்களுக்கு ஒக்காலா 61 மைல், கெயின்ஸ்வில் 70 மைல், ஜாக்சன்வில்லின் கிரெய்க் 73 மைல்.

நேரத்தின் கணக்கு வேறு. விமானம் பறக்கும் நோக்கத்தோடு தன் சொந்த வலுவில் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கிய பிறகு ஓய்ந்து நிற்கும் வரை எல்லாம் பறந்த நேரம். தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸியும் சேரும். நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம் சேராது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரில் 6 நிமிடத்துக்கு 0.1 மணி என்று வாசித்து எழுதுவதே வழக்கம். பயணம் தகுதி பெற்றுவிட்டால் அதன் எல்லாக் கட்டங்களின் நேரமும் கிராஸ் கன்ட்ரிதான். 50 மைலைத் தாண்டிய பகுதியை மட்டும் பிரித்து எழுதத் தேவையில்லை.

புறப்பட்ட இடம் எது?

விதியில் வரும் ‘முதலில் புறப்பட்ட இடம்’ என்ற சொல்லில்தான் பாதி நன்மையும் பாதித் தொல்லையும் இருக்கின்றன.

நன்மை முதலில். ஒவ்வொரு கட்டமும் 50 மைல் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. டேட்டோனாவிலிருந்து ஃபிளாக்லர் 19 மைல், அங்கிருந்து செயின்ட் அகஸ்டீன் 30 மைல், அங்கிருந்து கிரெய்க் 24 மைல். எந்தக் கட்டமும் 50ஐ எட்டவில்லை. ஆனால் டேட்டோனாவிலிருந்து பார்த்தால் கிரெய்க் 73 மைலில் இருக்கிறது. அங்கே இறங்கிவிட்டீர்கள் என்றால் நான்கு கட்டங்களும், திரும்பி வரும் கட்டம் உட்பட, முழுதாகச் சேரும். டச் அண்ட் கோ (சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறுவது) போதும், ஃபுல் ஸ்டாப் (இறங்கி முழுதாக நிற்பது) வேண்டியதில்லை. ஒரே பயணத்தில் நாலைந்து லேண்டிங்கும் இரண்டேகால் மணி கிராஸ் கன்ட்ரியும் கிடைக்கும். மணிக்கணக்கைச் சும்மா ஏற்றுவதை விட இது பிரயோஜனமானது.

லாக்புக் ஆப்பில் எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனி வரியாக எழுதினால் ஆப் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து 19, 30, 24 என்று பார்த்து மூன்றுக்கும் பூஜ்யம் போடக்கூடும். கடைசி 73 மட்டும் மிஞ்சும். புறப்பட்ட இடத்தையும் திரும்பிய இடத்தையும் மட்டும் எழுதினால் ‘டேட்டோனா முதல் டேட்டோனா வரை’ என்று எடுத்துக்கொண்டு, தூரம் ஏதுமில்லை என்று சொல்லும். ஒரே வரியில், வழிப் பத்தியில் எல்லா நிலையங்களையும் வரிசையாகக் கொடுங்கள். தானாக வந்த எண்ணை அப்படியே நம்பாமல் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள்.

இனி, அந்த 49 மைல் பிரச்சினைக்கு வழி. எது தனிப் பயணம், எது ஒரு பயணத்தின் கட்டம் என்பதை விமானியே தீர்மானிக்கலாம் என்பது எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவு 2009ல் கொடுத்த விளக்கம். டேட்டோனாவிலிருந்து நியூ ஸ்மிர்னா பீச்சுக்கு முதலில் போய் இறங்குங்கள். அதைத் தனிப் பயணமாக, தனி வரியில் எழுதுங்கள். பிறகு நியூ ஸ்மிர்னாவிலிருந்து செயின்ட் அகஸ்டீனுக்குப் போனால் தூரம் 58 மைல். தகுதி வந்துவிட்டது. அங்கிருந்து டேட்டோனாவுக்கே நேராகத் திரும்பினாலும் இரண்டாவது வரியின் நேரம் முழுவதும் சேரும். முதல் வரியின் 0.3 மட்டும் ‘எங்கு இறங்கினாலும்’ பத்தியோடு நின்றுவிடும். அந்த 0.3ஐயும் நடுப் பத்தியில் திணிக்க ஆசைப்பட்டால் புறப்பட்ட இடம் டேட்டோனா ஆகிவிடும்; தூரம் மறுபடி 49; மொத்தமும் போச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

நேர எல்லை எதுவும் இல்லை. இன்று போய் ஒக்காலாவில் இரவு தங்கி நாளை திரும்பினாலும் ஒரே பயணமாக எழுதலாம்.

பிரைவேட் பைலட்: மாணவருக்கு இரண்டு கணக்கு

விதி 61.109 ஒற்றை எஞ்சின் விமானத்துக்குக் கேட்பது: இன்ஸ்ட்ரக்டரோடு 3 மணி கிராஸ் கன்ட்ரி, தனியாக 5 மணி. இரவுப் பயிற்சியில் மொத்தம் 100 மைலுக்கு மேலான ஒரு கிராஸ் கன்ட்ரி. தனியாகப் போகும் பயணங்களில் ஒன்று மொத்தம் 150 மைலாவது இருக்க வேண்டும். மூன்று இடங்களில் ஃபுல் ஸ்டாப் லேண்டிங் வேண்டும். ஒரு கட்டமாவது, ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் இடையே, நேர்கோட்டில் 50 மைலுக்கு மேல் இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கிரெய்க் பயணம் இங்கே உதவாது; போகும்போது வரும் கட்டங்கள் எல்லாம் சிறியவை. திரும்பும் 73 மைல் கட்டம் அதைக் காப்பாற்றும் என்றாலும், மொத்தம் 146 மைல்தான் வரும், நாலு மைல் உதைக்கும். டேட்டோனா, ஒக்காலா, கெயின்ஸ்வில், டேட்டோனா என்ற முக்கோணம் கச்சிதம்: 61, 31, 70, மொத்தம் 162 மைலுக்கு மேல். மூன்று நிலையங்களிலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு என்பதால், கோபுரம் உள்ள நிலையத்தில் தனியாகச் செய்ய வேண்டிய மூன்று டேக்ஆஃப், ஃபுல் ஸ்டாப் லேண்டிங் கணக்கும் அதோடு முடியும். மூன்றாவது இடமாகப் புறப்பட்ட நிலையத்தையே எண்ணுவது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் மூன்றும் ஃபுல் ஸ்டாப்பாக இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஒக்காலாவில் டச் அண்ட் கோ போட்டுவிட்டால் முழுப் பயணமும் மறுபடி போக வேண்டியதுதான்.

மாணவர்களைக் குழப்பும் இன்னொரு எண் 25. புறப்படும் நிலையத்திலிருந்து 25 மைலுக்கு அப்பால் தனியாகப் போவதென்றாலே, கிராஸ் கன்ட்ரிக்கான எண்டார்ஸ்மென்ட் (இன்ஸ்ட்ரக்டர் எழுதித் தரும் அனுமதி) தேவை, விதி 61.93. டேட்டோனாவிலிருந்து டைட்டஸ்வில் 42 மைல். அங்கே தனியாகப் போக இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து வேண்டும். ஆனால் 5 மணிக் கணக்கில் அது சேராது. அனுமதிக்கு 25, மணிக்கணக்குக்கு 50. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிய மாணவர் கையெழுத்து இருக்கிறதே என்ற தைரியத்தில் டைட்டஸ்வில் நேரத்தையும் கூட்டிவிடுவார்.

எண்டார்ஸ்மென்ட்டிலும் இரண்டு உண்டு. ஒன்று, கிராஸ் கன்ட்ரிக்குத் தகுதி பெற்றிருக்கிறார் என்பது. இன்னொன்று, அன்றைய பயணத்தின் திட்டத்தையும் வானிலையையும் பார்த்து, இதற்குத் தயாராக இருக்கிறார் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதுவது. இரண்டாவது இல்லாமல் பறந்த நேரம் தேர்வுக்குப் போகும்போது பெரிய தலைவலி. தனியாகக் கிராஸ் கன்ட்ரி போகும் மாணவர் லாக்புக்கை உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் விதி. வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவது பத்திரம் அல்ல.

ஃபுளோரிடாவின் கோடை மதியம் இடிமழைக்குப் பேர் போனது. கெயின்ஸ்வில்லுக்குப் போகிற வழியில் மேகம் கட்டி, 44 மைலில் உள்ள பலாட்காவில் இறங்கித் திரும்ப நேர்ந்தால் அதுதான் சரியான முடிவு. கணக்கில் மட்டும் அது சேராது. விதிக்கு வானிலை தெரியாது. அதனால் தகுதிப் பயணங்களை விடியற்காலையில் வைத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்புங்கள். மணிக்கணக்குக்காக மேகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டி வராது.

இன்ஸ்ட்ருமென்ட்டுக்கான 50 மணி

எல்லோரையும் தேங்க வைப்பது இதுதான். விதி 61.65 கேட்பது பி.ஐ.சி.யாக 50 மணி கிராஸ் கன்ட்ரி. பிரைவேட் தேர்வு முடித்த கையோடு பெரும்பாலோரிடம் இருப்பது ஐந்தாறு மணிதான்.

அந்த ஐந்தாறு மணி எங்கிருந்து வந்தது? மாணவராகத் தனியாகப் பறந்த நேரம் பி.ஐ.சி. நேரமே. ஆகவே 50 மைலுக்கு மேல் போன சோலோ கிராஸ் கன்ட்ரி எல்லாம் சேரும். மாணவராக இன்ஸ்ட்ரக்டரோடு போன 3 மணி சேராது; அப்போது பி.ஐ.சி. நீங்கள் அல்ல. பிரைவேட் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நிலைமை மாறுகிறது. உங்களுக்கு ரேட்டிங் உள்ள விமானத்தில், கட்டுப்பாட்டை நீங்கள் மட்டுமே கையாண்டால், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தாலும் பி.ஐ.சி. என்று எழுதலாம்.

இதைப் புரிந்துகொண்டால் பணம் மிச்சம். 50 மணியை முதலில் ‘முடித்துவிட்டு’ப் பிறகு இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி தொடங்கலாம் என்று காத்திருப்பது வீண். பயிற்சியில் அப்ரோச் (கருவிகளைக் கொண்டு ஓடுபாதையை நெருங்குவது) பழகுவதற்கு உள்ளூர் நிலையத்தையே சுற்றிச் சுற்றி வராமல் ஒக்காலாவுக்கும் கெயின்ஸ்வில்லுக்கும் போங்கள். ஒரே நேரம் பி.ஐ.சி., டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது), ஹூட் (வெளியே தெரியாதபடி பார்வையை மறைப்பது) போட்ட இன்ஸ்ட்ருமென்ட் நேரம், கிராஸ் கன்ட்ரி என்று நான்கு பத்திகளில் ஏறும்.

ஒரு பொறி: ஒக்காலாவில் அப்ரோச் செய்து, மிஸ்ட் அப்ரோச் போட்டு, சக்கரம் தரையில் படாமலே திரும்பிவிட்டால் அந்தப் பயணம் 50 மணிக் கணக்கில் வராது. பயிற்சியின் மும்முரத்தில் இது நடக்கும். இன்ஸ்ட்ரக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு அப்ரோச்சையாவது டச் அண்ட் கோவாக முடியுங்கள். இறங்காமல் வந்த பயணத்தை ஏ.டி.பி. பத்தியில் மட்டும் எழுதி, குறிப்பில் ‘ஒக்காலா 61 மைல், லேண்டிங் இல்லை’ என்று போட்டு வையுங்கள்.

ஐ.எஃப்.ஆர். (கருவி விதிகளின்படி பறக்கும்) திட்டத்தின் கீழ் 250 மைல் நீளப் பயணம் ஒன்றும் இந்த ரேட்டிங்குக்கு உண்டு. அது இன்ஸ்ட்ரக்டரோடு போவது. ஒவ்வொரு நிலையத்திலும் அப்ரோச் வேண்டும், மூன்று வகையான அப்ரோச் வேண்டும். எந்த நிலையத்தில் எந்த அப்ரோச் என்பதை லாக்புக்கில் எழுதுங்கள்; ‘அப்ரோச் 3’ என்று மொட்டையாக எழுதினால் எக்ஸாமினர் கேட்பார்.

அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளுக்கான பகுதி 141ன் கீழ் நடக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பாடத்திட்டத்தில் இந்த 50 மணி கேட்கப்படுவதில்லை. அங்கே தொடங்கி, நடுவில் பகுதி 61க்கு மாறுபவருக்கு அந்தப் பள்ளத்தை அப்போதுதான் நிரப்ப வேண்டியிருக்கும். மாறும் முன் கூட்டிப் பாருங்கள்.

சிமுலேட்டர் நேரம் கிராஸ் கன்ட்ரி ஆகாது. திரையில் லண்டன் வரை போனாலும் சரி.

இருவர் சேர்ந்து பறக்கும்போது

செலவைப் பங்கு போட இரண்டு நண்பர்கள் சேர்வது எங்கும் உள்ளதுதான். ஒருவர் ஹூட் போட்டுக்கொண்டு ஓட்ட, மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்ப்பார். சேஃப்டி பைலட்டுக்குச் சில நிபந்தனைகளோடு பி.ஐ.சி. நேரம் கிடைக்கும். கிராஸ் கன்ட்ரி கிடைக்காது. டேக்ஆஃப், பயணம், லேண்டிங் மூன்றையும் நடத்திய விமானிக்கே கிராஸ் கன்ட்ரி என்பது 2009ல் எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவு எழுதிய விளக்கக் கடிதங்களின் நிலை. ஓட்டியவர் எழுதலாம், பார்த்தவர் எழுத முடியாது. சேஃப்டி பைலட்டின் பெயரை ஓட்டியவரின் லாக்புக்கில் எழுதுவதும் கட்டாயம்.

இதே காரணத்தால், வானத்தில் பாதி வழியில் கட்டுப்பாட்டைக் கைமாற்றிக்கொள்வது இருவருக்கும் நஷ்டம். தரையில் மாறுங்கள். டேட்டோனாவிலிருந்து ஒக்காலா வரை ஒருவர், திரும்பி மற்றவர். அவரவர் கட்டத்தை அவரவர் தனிப் பயணமாக எழுதினால் இருவருக்குமே தூரம் 61 மைல், இருவருக்குமே சேரும்.

கமர்ஷியல்: எண்கள் நெருக்கமாக நிற்கும் இடம்

விதி 61.129ல் பி.ஐ.சி.யாக 50 மணி கிராஸ் கன்ட்ரி இருக்கிறது. இன்ஸ்ட்ருமென்ட்டுக்குச் சேர்த்ததே இங்கும் செல்லும். தனியாகச் சொல்ல வேண்டியவை மூன்று பயணங்கள்.

இன்ஸ்ட்ரக்டரோடு பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றும் 2 மணி நேரமாவது, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 100 மைலுக்கு மேல். டேட்டோனாவிலிருந்து தாம்பாவின் பீட்டர் ஓ. நைட் நிலையம் 105 மைல், தூரம் சரி. போய் வந்த நேரம் 1.9 என்று ஹாப்ஸ் காட்டினால்? தோல்விதான். பின்காற்று நன்றாக வீசும் நாளில் இது நடக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், 2.0 ஆகும் முன் ஷட் டவுன் செய்யாதீர்கள். இரவுப் பயணம் முழுவதும் இரவாக இருக்க, மாலை அந்தி வெளிச்சம் முற்றிலும் அடங்கிய பிறகு கிளம்புங்கள். சூரியன் மறைந்த உடனே கிளம்பினால் முதல் இருபது நிமிடம் இரவுக் கணக்கில் வராமல் போகும்.

மூன்றாவது, பெரிய பயணம். மொத்தம் 300 மைலுக்குக் குறையாமல், குறைந்தது மூன்று இடங்களில் லேண்டிங், அதில் ஓர் இடமாவது புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைலாவது. ஹவாயில் மட்டும் அந்த 250க்குப் பதில் 150. டேட்டோனாவிலிருந்து சார்ல்ஸ்டன் போய் வந்தால் 458 மைல் ஆகும், ஆனாலும் செல்லாது: சார்ல்ஸ்டன் 229 மைல்தான். மர்ட்டில் பீச் 291, செல்லும். தெற்கே கீ வெஸ்ட் 280, செல்லும். கீ வெஸ்ட்டுக்கு நேப்பிள்ஸ் வழியாக நேர்கோட்டில் போனால் கடைசி 96 மைலில் பெரும்பகுதி கடல். ஒற்றை எஞ்சினில் அதைத் தவிர்த்து, கிழக்கே தீவுச் சங்கிலியை ஒட்டிப் போவதே விவேகம். கூடுதல் தூரத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இந்தப் பயணம் தனியாகச் செய்ய வேண்டும், அல்லது இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு பி.ஐ.சி.யின் பொறுப்புகளை நீங்கள் செய்ய வேண்டும். நண்பரையோ மனைவியையோ பின்னால் உட்கார வைத்தால் அது சோலோ அல்ல. கீ வெஸ்ட் போகிறோமே, ஒரு சுற்றுலாவாகவும் இருக்கட்டும் என்று ஆளை ஏற்றிக்கொண்டு போய், ஐந்தாறு மணி வாடகையையும் கொடுத்து, செக்ரைடு (எக்ஸாமினரோடு பறக்கும் தேர்வு) அன்று வெறுங்கையோடு திரும்பி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போய் மணிக்கணக்குச் சேர்த்து, இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. (விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பு) தரும் கமர்ஷியலாக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கணக்கிலும் 300 மைல் பயணம் ஒன்று உண்டு. அதில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் ஃபுல் ஸ்டாப் வேண்டும். அமெரிக்க விதி வெறும் லேண்டிங் என்றே சொல்கிறது. எனவே அமெரிக்காவில் இந்தப் பயணம் போகும்போதே எல்லா இடத்திலும் ஃபுல் ஸ்டாப் செய்து, அப்படியே குறிப்பிலும் எழுதுங்கள். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும் பி.ஐ.சி. என்று எழுதும் அமெரிக்க வழக்கத்தை வேறு நாட்டு அலுவலகம் ஏற்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். டூயல் பத்தியைச் சுத்தமாக வைத்திருந்தால் பின்னால் கழித்துக் காட்டலாம்.

ஏ.டி.பி. கணக்கு

1,500 மணியில் 500 மணி கிராஸ் கன்ட்ரி, பி.ஐ.சி.யாக வேண்டிய 250 மணியில் 100 கிராஸ் கன்ட்ரி. 21 வயதானவருக்குக் கிடைக்கும் கட்டுப்பாட்டு ஏ.டி.பி.யில் கிராஸ் கன்ட்ரி 200 மணி போதும். இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்து நேரம் சேர்ப்பவர்களுக்கு 1,500 வந்துவிடும், 500தான் வராது. மாணவர்களோடு 50 மைலைத் தாண்டிப் போய் இறங்காமல் திரும்பிய பயிற்சிகள் நிறைய இருந்திருக்கும். எழுதி வைக்காததால் வீணாகியிருக்கும். எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதற்கு ஆதாரமாகக் குறிப்பில் திரும்பிய இடத்தின் பெயரையும் தூரத்தையும் போடுங்கள்.

ஒரு வரியை எழுதுவது

விதி 61.51 கேட்பவை: தேதி, மொத்த நேரம், புறப்பட்ட இடமும் வந்த இடமும், விமானத்தின் வகையும் பதிவெண்ணும், சேஃப்டி பைலட் இருந்தால் பெயர், சோலோவா பி.ஐ.சி.யா டூயலா என்பது, பகலா இரவா இன்ஸ்ட்ருமென்ட்டா என்பது. இதற்கு மேல் குறிப்புப் பத்தியில் ஒரு வரி இருந்தால் செக்ரைடு அன்று வேலை பாதியாகும். மாதிரிக்கு:

வழி: டேட்டோனா – ஃபிளாக்லர் – செயின்ட் அகஸ்டீன் – கிரெய்க் – டேட்டோனா. மொத்தம் 2.3. பி.ஐ.சி. 2.3. பகல் 2.3. கிராஸ் கன்ட்ரி மூன்று பத்திகளிலும் 2.3. குறிப்பு: கிரெய்க் 73 மைல், டச் அண்ட் கோ.

வழி: டேட்டோனா – நியூ ஸ்மிர்னா. மொத்தம் 0.3. கிராஸ் கன்ட்ரி முதல் பத்தியில் மட்டும் 0.3.

வழி: நியூ ஸ்மிர்னா – செயின்ட் அகஸ்டீன் – டேட்டோனா. மொத்தம் 1.4. மூன்று பத்திகளிலும் 1.4. குறிப்பு: நியூ ஸ்மிர்னாவிலிருந்து 58 மைல்.

தகுதிப் பயணம் என்றால் எந்த விதியின் எந்த உட்பிரிவுக்கானது என்று அதன் எண்ணைக் குறிப்பில் எழுதி, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எக்ஸாமினர் தேடுவது அதைத்தான்.

தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். மறைத்தது போலத் தெரிந்தால் பொய்ப் பதிவு என்ற சந்தேகம் வரும். அது நிரூபணமானால் சான்றிதழே பறிபோகும். விண்ணப்பத்தை எஃப்.ஏ.ஏ.வின் ஐ.ஏ.சி.ஆர்.ஏ. இணையதளத்தில் நிரப்பும்போது கிராஸ் கன்ட்ரியை டூயல், சோலோ, பி.ஐ.சி. என்று பிரித்துக் கேட்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் அந்தக் கூட்டலைப் போட்டுக்கொண்டே வந்திருந்தால் அது பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் செக்ரைடுக்கு முந்தின இரவு தூக்கம் போனது போலத்தான்.